ரசமட்டத்துக்குக் கண்ணாடி வந்தது

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் டைல்ஸ் கடைகளிலும் கட்டட வேலை நடக்கிற இடங்களிலும் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. "ரசமட்டம் வந்தாச்சா?" என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். ரசமட்டம் என்பது கொத்தனார், தச்சர், டைல்ஸ் போடுகிறவர் எல்லோர் பையிலும் கிடக்கும் கருவி. ஒரு சட்டத்துக்குள் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை மட்டம், ஓரத்துக்கு ஓடினால் சாய்வு. இவர் பையிலும் ஒன்று கிடந்தது, சும்மாதான் கிடந்தது. கல்லைப் பதித்து, ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பார். "ம்" என்றால் மட்டம். வரிசை நேராகப் போக மற்றவர்கள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நூல் இழுத்துக் கட்டுவார்கள். இவர் அதையும் கட்ட மாட்டார். "கண்ணு இருக்கிறவனுக்கு எதுக்குய்யா கயிறு?" என்பார்.

இந்தக் கண்ணால் அவருக்குப் பெருமை, மற்றவர்களுக்குத் தொல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரில் மாட்டியிருக்கிற படத்தைத்தான் பார்ப்பார். அது விரல் நுனி அளவு சாய்ந்திருந்தாலும் எழுந்து போய்ச் சரி செய்துவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்குவார். பல் டாக்டரிடம் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தபோதுகூட, எதிர்ச் சுவரில் டாக்டரின் சான்றிதழ் இடப்பக்கம் இறங்கியிருப்பதைக் கை ஜாடையாலேயே சொன்ன ஆள். டாக்டர் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார். "நல்லா வேணும்" என்றாள் அவர் மனைவி.

மனைவி ஒரு துணிக்கடையின் பின்கட்டில் திரைச்சீலை தைக்கிறவள். அவள் கண்ணாடி போட்டு நாலைந்து வருஷமாகிறது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன அன்றைக்கே போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அவளுடைய தம்பிதான் ரசமட்டத்தோடு வேலை பார்ப்பவன். கலவை போடுவான், கல் வெட்டித் தருவான், கட்டருக்கு எண்ணெய் போட்டு வைப்பான். பேச்சு குறைவு. மாமன் பத்து வார்த்தை பேசினால் மச்சினன் ஒரு வார்த்தை பேசுவான், அதுவும் அநேகமாக "சரி மாமா" என்றுதான் இருக்கும்.

கோளாறு முதலில் அளவு டேப்பில் ஆரம்பித்தது. ஆறு என்று படித்ததை வெட்டிப் பார்த்தால் எட்டாக இருக்கும். எட்டு என்று வெட்டினால் மூன்றாக இருக்கும். ஒரே குளியலறையில் ஒரே மூலைக்கு ஒரு கல்லை மூன்று தடவை வெட்டினார்கள். "இப்பல்லாம் டேப்ல நம்பரைக் கடுகு மாதிரி அடிக்கிறானுங்க" என்று ரசமட்டம் டேப் கம்பெனியைத் திட்டினார். மறுநாள் மச்சினன் பெரிய பெரிய எண் போட்ட புது டேப் ஒன்றை வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுவைத்தான். கொஞ்ச நாள் அது தாங்கியது. பிறகு அதையும் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது. கை போதவில்லை.

வீட்டில் கடைசியில் பிடிபட்டது ஒரு காலை நேரம். மூட்டுவலிக் களிம்பை எடுத்துப் பிரஷ்ஷில் பிதுக்கிப் பல் தேய்த்துவிட்டார். வாய் தீயாக எரிய, தொட்டியில் குனிந்து துப்பிக்கொண்டிருந்தவரின் பின்னால் மனைவி வந்து நின்றாள்.

"நல்லதாப் போச்சு. இனிமே உங்க பல்லுக்கு மூட்டுவலி வராது. சட்டையைப் போடுங்க, கண்ணாடிக் கடைக்குப் போலாம்."

"எனக்கு எதுக்குக் கண்ணாடி? என் கண்ணைப் பத்தி ஊருக்கே தெரியும்."

"ஊரு பல் தேய்ச்சு விடாதுங்க. கிளம்புங்க."

கண்ணாடிக் கடை சின்னது, வெளிச்சமானது. கண் சோதிக்கிற பெண்ணுக்கு அவருக்கு மகள் என்று சொல்லும் வயதுதான் இருக்கும், ஆனால் குரலில் ஒரு வகுப்பாசிரியையின் பொறுமை இருந்தது. மனைவி வெளியே ஃப்ரேம்களை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் உள்ளே இருட்டில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். தூரத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் தட்டுத் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டு, "எப்படி?" என்பது போல் அவளைப் பார்த்தார். அவள் ஒரு சின்ன அட்டையைக் கையில் கொடுத்தாள். அதில் எறும்பு ஊர்ந்த தடம்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் வெறுமை.

"பக்கத்துல பாக்கற பார்வை நல்லா இறங்கியிருக்கு சார்" என்றாள் அவள். "தூரத்துக்கும் லேசா பவர் இருக்கு. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். ஒரே கண்ணாடியில ரெண்டும் தெரியற மாதிரி போட்டுடலாம். நடுவுல கோடு எதுவும் இருக்காது. ஆனா கொஞ்ச நாளைக்கு, ஓரமா பாத்தா நேர்க்கோடெல்லாம் வளைஞ்ச மாதிரி தெரியும். தரை கூட ஏறி இறங்கற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, பழகிடும். சரிங்களா?"

"சரிங்க" என்றார் ரசமட்டம். சொன்னாரே தவிர, "இறங்கியிருக்கு" என்கிற வார்த்தைக்குப் பிறகு அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. அவர் கண்ணில் கோளாறு. ஒரு சின்னப் பெண் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டாள். அவர் மனம் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது, உடம்பு மட்டும் எழுந்து வெளியே வந்தது. மனைவி ஒரு கறுப்பு ஃப்ரேமை அவர் மூக்கில் வைத்து, தள்ளி நின்று பார்த்து, "பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கு, இதுவே இருக்கட்டும்" என்றாள்.

கண்ணாடி வந்த நாள் நன்றாகத்தான் விடிந்தது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருந்ததையெல்லாம் உட்கார்ந்து படித்தார். இத்தனை வருஷமாக என்னென்னவோ சாப்பிட்டிருக்கிறோம் என்று தெரிந்தது. தன் கை ரேகைகளைப் பார்த்தார், அதற்குள் போய் ஒட்டியிருந்த பழைய கலவையைப் பார்த்தார். மனைவி தேநீர் கொண்டு வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தார்.

"உன் கன்னத்துல ஒரு மச்சம் இருக்கு."

"நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே இருந்துச்சு."

"இல்ல, இப்போ அதுல ஒரு முடி இருக்கு."

அவள் தேநீரைத் திரும்ப எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். சமாதானம் சொல்லி அதை மீட்டுக்கொண்டு வருவதற்காக அவரும் பின்னால் போனார். அங்கேதான் அவர் வாழ்க்கையில் இடி விழுந்தது.

அந்தச் சமையலறைத் தரை அவர் கையால் போட்டது. வெள்ளையும் சாம்பலுமாகச் சின்னச் சதுரங்கள், நடுவே மயிரிழை போலச் சந்து. வீட்டுக்கு யார் வந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லி அவர்களைச் சமையலறை வரைக்கும் கூட்டிவருவார். இப்போது வாசலில் நின்று பார்த்தால், அந்தச் சந்துகள் எல்லாம் வில் மாதிரி வளைந்திருந்தன. வலது மூலைப் பக்கம் தரையே கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். எல்லாம் நேரானது. போட்டார். வளைந்தது. மறுபடி கழற்றினார், மறுபடி போட்டார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் "இந்தக் கண்ணாடி சரியில்லை" என்று சொல்லியிருப்பார்கள். ரசமட்டம் அப்படி யோசிக்கிற ஆள் இல்லை. கண்ணாடி இல்லாமல் ஆறு எட்டாகத் தெரிந்தது. கண்ணாடி போட்டதும் ஆறு ஆறாகத் தெரிந்தது. அப்படியானால் உண்மையைச் சொல்கிறது எது? கண்ணாடி. பொய் சொல்கிறது எது? கண். கண் எத்தனை வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒருவேளை ஆரம்பத்திலிருந்தே இருக்கலாம். அப்படியானால் இதுவரைக்கும் போட்ட அத்தனை தரையும் கோணல். ஜனங்கள் நல்லவர்கள், முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பையில்தான் ரசமட்டம் கிடக்கிறதே, எடுத்து வைத்துப் பார்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும். எடுத்து வைத்து, குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டால்? அதை நினைத்தாலே கை வரவில்லை. தெரியாமல் இருக்கிற வரைக்கும் கொஞ்சம் சந்தேகமாவது மிச்சம் இருக்கும்.

"என்னங்க, தரையில எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல" என்று மென்று விழுங்கினார்.

அடுத்து வந்த நாட்களில் ரசமட்டம் தெருத்தெருவாக நடந்தார். நடையும் மாறியிருந்தது. தரை எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று நிச்சயமில்லாமல், காலை உயரத் தூக்கி, மெதுவாகக் கீழே வைத்து, சேற்றில் இறங்கிய கொக்கு மாதிரி போனார். முதலில் பேக்கரிக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கினார். அந்தத் தரை அவர் போட்டது, வளைந்திருந்தது. பேக்கரிக்காரர் சந்தோஷமாக, "உங்க தரை இன்னும் அப்படியே இருக்கு பாருங்க" என்றார். அது குத்தல் என்று எடுத்துக்கொண்டு, மிச்சக் காசைக்கூட வாங்காமல் வெளியே வந்தார். பிறகு அவரே கல் பதித்த நூலகம். படிக்கட்டெல்லாம் அலை அடித்தது. பிறகு பல் டாக்டரின் அறை. அங்கே தரையோடு சேர்ந்து சான்றிதழும் வளைந்திருந்தது, கதவும் வளைந்திருந்தது, ஜன்னல் சட்டமும் வளைந்திருந்தது.

கதவைப் பார்த்ததும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல். அது ஒரு பேர்போன தச்சர் போட்ட கதவு. அந்த ஆளும் கோணல்தான். தெருவுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் விளக்குக் கம்பம், கடைப் பலகை, பஸ் நிறுத்தத்துக் கூரை, எல்லாமே ஏதோ ஒரு பக்கம் வளைந்துதான் நின்றன. ஊரில் ஒரு மனிதன்கூட ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. இத்தனை நாளும் அது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அந்த ஆறுதல் வீடு வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோனது. தச்சர் எப்படியோ போகட்டும், தச்சருக்கு யாரும் ரசமட்டம் என்று பெயர் வைக்கவில்லையே.

இவ்வளவும் மச்சினன் வீட்டு வேலை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்ததுதான் கொடுமை. மச்சினனும் அவன் மனைவியும் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு சின்ன வீடு கட்டியிருந்தார்கள். சுவர் பூசியாகிவிட்டது, தரை மட்டும் பாக்கி. மாதக் கடைசிக்குள் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கூடத்துக்குப் பெரிய பெரிய டைல்ஸாக வாங்கி அடுக்கி வைத்திருந்தான். மற்றவர் வீட்டிலெல்லாம் கல் வெட்டிக் கொடுத்தவன், தன் வீட்டுத் தரையை மாமா கையால் போட வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதற்காக மாமனும் மச்சினனும் வேறு வேலை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.

ரசமட்டத்துக்கு அந்தக் கூடத்தை நினைத்தாலே வியர்த்தது. பேக்கரியில் கோணல் என்றால் வருகிறவன் ரொட்டியைப் பார்ப்பான், தரையைப் பார்க்க மாட்டான். மச்சினன் காலம் பூராவும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், அதன் மேல்தான் நடக்க வேண்டும். சொந்தக்காரன் வீட்டில் கோணல் தரை போட்டுவிட்டு, போகும்போதும் வரும்போதும் அதை எப்படி மிதிப்பது? அவர் முடிவு செய்துவிட்டார். இந்த வேலையைத் தொடுவதில்லை. இதை மட்டும் இல்லை, இனி எந்தத் தரையையும் தொடுவதில்லை. டைல்ஸ் கடையில் பில் போடுகிற வேலை இருந்தால் கேட்கலாம். கண்ணாடி அதற்காவது உதவும்.

மச்சினன் கூப்பிட வந்தபோது இடுப்பில் பிடிப்பு என்றார். மறுநாள் வந்தபோது முழங்கால் என்றார். அதற்கு மறுநாள் எந்த இடம் என்று யோசிப்பதற்குள் மச்சினனே கேட்டான்.

"மாமா, உங்களுக்கு உடம்புக்கு என்ன?"

"சொன்னேனே மாப்ள. முழங்காலு. மடக்க முடியல."

"இப்ப மடக்கித்தான் உக்காந்திருக்கீங்க."

ரசமட்டம் காலை நீட்டினார். பிறகு மச்சினன் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினான்.

"ஊருல எல்லார் வீட்டுக்கும் போட்டீங்க. யாருன்னே தெரியாதவங்க வீட்டுக்கெல்லாம் ரெண்டு நாள் கூட இருந்து முடிச்சுக் குடுத்தீங்க. என் வீட்டுக்குன்னா மட்டும் வலிக்குது. பரவால்ல மாமா. நானே போட்டுக்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். தேநீர்கூடக் குடிக்கவில்லை. உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி வந்து எதிரில் நின்றாள். தம்பி முகம் வாடிப் போனதைப் பார்த்த அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"உங்களுக்கு உடம்புல ஒண்ணும் இல்ல. மனசுல என்னமோ இருக்கு. எங்கிட்டச் சொல்ல இஷ்டமில்லன்னா சொல்லாதீங்க. ஆனா அவங்கிட்டப் போய்ச் சொல்லிடுங்க. இருவது வருஷமா உங்க பின்னாடியே கலவைச் சட்டியத் தூக்கிட்டு நடந்தவன் அவன்."

மறுநாள் மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக் கையில் கொடுத்து, "அவனுக்கு" என்றாள். அதற்குமேல் மறுக்கிற தெம்பு அவரிடம் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் புது வீட்டுக்கு நடந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். "மாப்ள, என் கண்ணு போச்சு." அவ்வளவுதான் வாக்கியம். ஆனால் ஒவ்வொரு தடவையும் "கண்ணு" வரைக்கும் வந்துவிட்டு, திரும்ப "மாப்ள" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கூடத்தில் மச்சினன் தனியாக முட்டி போட்டு உட்கார்ந்து கலவையை விரித்துக்கொண்டிருந்தான். சுவரோரமாக ஒரு வரிசை முழுக்கப் போட்டு முடித்திருந்தான். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டான்.

ரசமட்டம் வாசலில் நின்று அந்த வரிசையைப் பார்த்தார். மனதில் தயாராக வைத்திருந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. வரிசை வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது.

"மாப்ள, அதை எடு."

"எதை?"

"வரிசையை. மொத்தமா எடுத்துடு. கலவை இறுகறதுக்குள்ள எடு. ஒரே கோணலா கிடக்கு. சொந்த வீட்ல இப்படியா போடுவாங்க?"

மச்சினன் கலவைக் கரண்டியைக் கீழே வைத்தான். அவனுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அப்போதும் அது சத்தமாக வரவில்லை.

"நீங்களும் போட மாட்டீங்க. நான் போட்டாலும் எடுக்கச் சொல்றீங்க. நூல் கட்டித்தான் போட்டிருக்கேன் மாமா. இங்க வந்து பாருங்க. நூல் மேலேயே கல்லு நிக்குது."

ரசமட்டம் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, கிட்டே போய்க் குனிந்தார். இந்தச் சுவரில் ஓர் ஆணி, அந்தச் சுவரில் ஓர் ஆணி, நடுவே விறைப்பாக மஞ்சள் நூல். கல்லின் விளிம்பு நூலை ஒட்டியே ஓடியது, ஒரு மயிர் நுழைய இடமில்லை. கல் வளைந்தது. கூடவே நூலும் வளைந்தது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வில் மாதிரி வளைந்து அந்தச் சுவர் வரைக்கும் போயின.

அவர் அப்படியே நின்றார். பிறகு விரலால் நூலைச் சுண்டினார். டிங் என்று அதிர்ந்து நின்றது. தளர்ச்சி இல்லை. இழுத்துக் கட்டின நூல் எப்படி வளையும்? கல் கோணலாகும், சுவர் கோணலாகும், மனுஷன் புத்தி கோணலாகும். ரெண்டு ஆணிக்கு நடுவே விறைத்து நிற்கிற நூல் மட்டும் கோணலாக வழியே இல்லை. தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். நூலின் வளைவும் கூடவே நகர்ந்தது. வலப்பக்கம் திருப்பினார். வளைவும் அந்தப் பக்கம் வந்தது. கழற்றினார். நூல் நூலாக இருந்தது.

ரசமட்டம் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மச்சினன் பதறிக் கிட்டே வந்தான். அழவில்லை, சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார். சிரித்து முடித்து எல்லாவற்றையும் சொன்னார். சமையலறைத் தரை, பேக்கரி, நூலகம், தச்சரின் கதவு, பில் போடுகிற வேலை, ஒன்று விடவில்லை. மச்சினன் கண்ணாடியை வாங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு இரண்டு அடி நடந்தான். காலை உயரத் தூக்கித்தான் வைத்தான்.

"அம்மாடி" என்றான். "இதைப் போட்டுக்கிட்டா தெருவுல நடந்தீங்க?"

"நடந்தேனே. ஊரே கோணல்னு நெனச்சுட்டேன்." கண்ணாடியைத் திரும்ப வாங்கித் துண்டால் துடைத்தார். "அதை விடு மாப்ள. இத்தனை வருஷமா நான் போட்டதெல்லாம் கோணல்னு நெனச்சேன் பாரு, அதைத்தான் தாங்க முடியல."

"அதெல்லாம் கோணல் இல்ல மாமா."

"ஆறுதலுக்குச் சொல்லாத. அது உனக்கு எப்படித் தெரியும்?"

மச்சினன் கரண்டியை எடுத்து அதிலிருந்த காய்ந்த கலவையைச் சுரண்ட ஆரம்பித்தான். சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"கேக்கறேன்ல. எப்படித் தெரியும்?"

"பாத்திருக்கேன். ரசமட்டம் வச்சு. நூல் கட்டி."

"எப்போ?"

"நீங்க டீ குடிக்கப் போவீங்கல்ல. அப்போ."

ரசமட்டம் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். பிறகு, "எந்த வீட்லேர்ந்து?" என்று கேட்டார்.

"முத வீட்லேர்ந்துதான்." அவன் இன்னும் நிமிரவில்லை. "உங்க கண்ணு மேல நம்பிக்கை இல்லாம இல்ல. ஆனா மனுஷன் கண்ணுதானே. ஒரு நாள் தலைவலி இருக்கும், ஒரு நாள் அக்காகூடச் சண்டை போட்டுட்டு வருவீங்க. அன்னைக்கு ஒரு கல்லு முன்னப் பின்ன ஆச்சுன்னா உங்க பேருதானே கெடும்."

"எல்லாம் சரியா இருந்துச்சா?"

"ம். அநேகமா எல்லாமே."

"அநேகமான்னா?"

"அங்கங்க ஒண்ணு ரெண்டு கல்லு. நீங்க திரும்பி வர்றதுக்குள்ள எடுத்துச் சரி பண்ணிட்டேன்."

ரசமட்டத்தின் முகத்தில் ஈயாடவில்லை. எந்த வீடு, எந்த அறை, எந்தக் கல் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் நாளைக்கே அங்கே போய்க் குனிந்து நிற்போம் என்பது அவருக்கே தெரியும். கேள்வியை விழுங்கிக்கொண்டார். இப்போது கோபம் வர வேண்டும், நியாயப்படி பெரிய கோபமாக வர வேண்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. கொஞ்சம் வெட்கம் வந்தது. அதற்குப் பின்னால், இத்தனை காலமும் தன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் சத்தம் காட்டாமல் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான் என்கிற நினைப்பு வந்தது. அது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. நெஞ்சு நிறைந்து, சொல்லத் தெரியாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சாப்பிடு மொதல்ல" என்று டப்பாவைத் தள்ளினார். "அக்கா குடுத்து விட்டா."

அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கலவையைக் கிளறினார். அளவு படிக்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், குனிந்து கல் வைக்கும்போது கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது வரிசையின் முதல் கல்லை எடுத்து, நூலை ஒட்டி இறக்கி, சுத்தியலால் நாலு தட்டு தட்டினார். கன்னத்தைத் தரையோடு சாய்த்து ஒரு கண்ணை மூடினார். "ம்" என்று சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லவில்லை. எழுந்து உட்கார்ந்தார். மச்சினன் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றான்.

"டீ குடிக்கப் போகலையா மாமா?"

"இல்ல. நீ என் கண்ணு முன்னாடியே ரசமட்டத்தை வச்சுப் பாரு."

மச்சினன் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு மாமனின் பையிலிருந்தே கருவியை எடுத்து, கல்லின் மேல் வைத்துக் குனிந்தான்.

"இந்தப் பக்கம் லேசாத் தூக்கியிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"உங்க கைப்பக்கம்."

அவர் ஒரு தட்டு தட்டினார்.

"இப்போ?"

"இன்னும் ஒண்ணு."

தட்டினார். மச்சினன் தலையாட்டினான். ரசமட்டம் அடுத்த கல்லுக்காகக் கையை நீட்டினார்.